கட்டிலுக்குக் கீழ் இருந்த அட்டை

அத்தியாயம் பதினொன்று

வெள்ளவத்தையில் அந்த மூன்றாம் மாடி வீட்டில் போன கிழமை வைத்த பந்தயத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மறந்தவர்களுக்கும், பக்கத்து வீட்டில் புத்தகம் இரவல் வாங்கி இன்றைக்குத்தான் தொடங்குகிறவர்களுக்கும் நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்காரி இரத்தினம்மா மாமி. அவருடைய பின்னறையில் வாடகைக்கு இருப்பவள் யோகமலர். பதின்மூன்று வயது மகள் ஆரணியோடு வவுனியா தாண்டி வந்து எட்டு மாதம். புருஷன் ரொறன்ரோவில். வெள்ளிக்கிழமை தாய்க்கும் மகளுக்கும் விசா இன்டர்வியூ. இந்த நேரம் பார்த்து வீடு நிறையக் கரப்பான்.

"உன்ர றங்குப்பெட்டியோடைதான் வந்தது" என்றார் மாமி. "என்ர பெட்டியில பூச்சி இல்லை மாமி" என்றாள் இவள். கடைசியில் கொட்டாஞ்சேனையிலிருந்து பூச்சி மருந்துக்கார மர்ஸூக் வந்தார். கந்தசஷ்டி விரதம் முடியும்வரை வீட்டுக்குள் நஞ்சு வைக்கவே கூடாதென்று மாமி ஒற்றைக்காலில் நின்றதால், பசை பூசிய அட்டைகள் மூன்றை மட்டும் வைத்துவிட்டுப் போனார். "ஒட்டுறது ஒட்டட்டும். கொல்லுறது நாங்களில்லை" என்பது மாமியின் நியாயம். முருகனுக்கே சிரிப்பு வந்திருக்கும்.

பேச்சு இதுதான். புதன்கிழமை பின்னேரம் மர்ஸூக் வந்து அட்டைகளைப் பார்ப்பார். யோகமலரின் அறை அட்டையில் பூச்சி இருந்தால், வியாழன் விடிய அவள் பெட்டியைத் தூக்க வேண்டும்.

இன்றைக்குப் புதன். சஷ்டியின் ஆறாம் நாள். பின்னேரம் கோயிலில் சூரன்போர்.

காலை ஆறு மணிக்கே யோகமலர் குனிந்து கட்டிலுக்குக் கீழே பார்த்துவிட்டாள். அட்டையில் ஓர் எறும்பும் கொஞ்சத் தூசியும். வேறொன்றுமில்லை. அப்பாடா என்று இருந்தது. நிலத்தில் உட்கார்ந்து ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டாள்.

பெட்டியைத் தூக்குவதென்றால் வேறு அறை தேடுவதோடு முடிகிற காரியமா? கொழும்பில் இருக்கிற தமிழ்ச் சனத்துக்குச் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு வீட்டுக்காரரும் வீட்டில் இருப்பவர்களின் பேரை எழுதிப் பொலிஸில் கொடுக்க வேண்டும். அந்த லிஸ்டில் பேர் இருந்தால்தான் வடக்கிலிருந்து வந்தவர்கள் றோட்டில் நடக்கலாம். பேரில்லாமல் பிடிபட்டால் எங்கே கொண்டுபோவார்கள், எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அப்படிப் பிடிபட்டவளுக்கு வெள்ளிக்கிழமை ஏது, இன்டர்வியூ ஏது? இரண்டு நாளில் புது வீடும் புதுப் பதிவும் எடுக்க அவள் என்ன மந்திரியின் மகளா?

ஆரணி பள்ளிக்கூடம் வெளிக்கிட்டபோது, அவள் பையிலிருந்த, லிஸ்டில் பேர் உண்டென்று பொலிஸ் தந்த பதிவுத் துண்டை யோகமலர் எடுத்துக்கொண்டாள்.

"இன்டர்வியூ ஃபைலுக்கு ஃபோட்டோக் கொப்பி எடுக்க வேணும். தாறன்."

"ட்யூஷன் முடிய நாலே முக்கால் ஆகுமம்மா."

"பாமன்கடைக்குத்தானே. நேரா வா, ஒரு இடமும் நிக்காதை."

ஒன்பதரைக்கு அவள் கொமியூனிகேஷன் கடைக்குப் போனாள். ரொறன்ரோவிலிருந்து புருஷனின் கோல் வரும் நேரம். வரிசையில் காத்திருந்து, நாலு நிமிடம் கதைத்து, "ஓமப்பா, எல்லாம் சரி, ஒரு கரைச்சலும் இல்லை" என்று பொய் சொல்லிவிட்டு, துண்டைக் கொப்பி எடுத்துக்கொண்டு திரும்பினாள். துண்டும் கொப்பியும் நேரே றங்குப்பெட்டிக்குள் இருந்த ஃபைலுக்குப் போயின.

பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளும்போதுதான் கண்ணில் பட்டது.

அட்டை நிறையக் கரப்பான்.

ஒன்றா இரண்டா? சின்னதும் பெரியதுமாய் முப்பதுக்குக் குறையாது. சிலது இன்னும் மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது. ஆறு மணிக்கு ஓர் எறும்பு மட்டும் இருந்த அட்டையில் பதினொரு மணிக்கு முப்பது கரப்பானா? பட்டப்பகலில் கலியாண வீட்டுக்கு வந்ததுபோல வரிசையாய் வந்து ஒட்டினவையா?

யோகமலருக்குச் சந்தேகம் தட்டியது. அட்டையைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தாள். மர்ஸூக் நீலப் பேனையால் இலக்கம் போட்டுவைத்திருந்தார். ஒன்று, குசினிச் சிங்குக்குக் கீழே. இரண்டு, குசினி அலுமாரியின் உச்சியில். மூன்று, இவளுடைய கட்டிலுக்குக் கீழே. அவர் வைக்கும்போது இவள் பக்கத்தில்தான் நின்றாள்.

கையிலிருந்த அட்டையில் இரண்டு என்று இருந்தது.

குசினிக்கு ஓடினாள். ஸ்டூலைப் போட்டு ஏறினாள். அலுமாரி உச்சியில் கிடந்த அட்டையை எடுத்துப் புரட்டினாள். மூன்று. ஓர் எறும்பும் கொஞ்சத் தூசியும்.

"என்ன செய்யிறாய்?"

வாசலில் மாமி. முழுகிய தலை, நெற்றி நிறையத் திருநீறு, ஆறு நாள் பாலும் பழமுமாய் ஒடுங்கிப்போன முகம். கண் மட்டும் ஒடுங்கவில்லை.

"மாமி, ஆரோ அட்டையை மாத்தியிருக்கினம்."

"ஆரோ? இந்த வீட்டில ஆர் இருக்கிறது? நானும் இந்த மனுசனும். விரதக்காரியைக் கள்ளி எண்டுறியோ?"

"ஐயோ, நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"ரெண்டு கையிலயும் ரெண்டு அட்டை. ஸ்டூலில நிக்கிறாய். பாக்கிறவை என்ன நினைப்பினம்? ஆர் மாத்தினதெண்டு நினைப்பினம்?"

உள்ளதைச் சொன்னால் நம்புவதற்கு அங்கே யார் இருக்கிறார்கள்? களவு போனதைத் தேடப் போனவளைக் கள்ளியாக்கிய கதை.

சத்தம் கேட்டு மாமியின் புருஷன் கதிர்காமநாதன் மாமா வந்தார். தபால் கந்தோரில் முப்பத்தாறு வருடம் இருந்து பென்ஷன் எடுத்தவர். வீட்டில் அவர் கதைப்பது தந்திக் கணக்குத்தான், தேவைக்கு மேல் ஒரு சொல் வராது.

"ரெண்டையும் மேசையில வை, பிள்ளை. அந்தாள் வரட்டும்" என்றார்.

மர்ஸூக் வர நாலரை ஆனது. அதுவரை யோகமலர் என்ன செய்தாள் என்று கேட்டால், உடுப்பு மடித்தாள். மடித்ததை விரித்து மறுபடி மடித்தாள். ஒருகொடவத்தைப் பக்கம் தூரத்துச் சொந்தம் ஒருவர் இருக்கிறார். கன்டெய்னர் யார்டுக்குப் பின்னால் ஒற்றை அறை. ஆனால் அந்த விலாசத்துக்குப் பதிவு எடுப்பதற்குள் வெள்ளி என்ன, அடுத்த தைப்பொங்கலே வந்துவிடும். அழுகை வந்தது. ஆரணி வரும் நேரத்தில் முகம் வீங்கியிருக்கக் கூடாதென்று அடக்கிக்கொண்டாள்.

மர்ஸூக் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டினார். ஐம்பது வயதிருக்கும். கையில் ஒரு டோர்ச், தோளில் ஒரு பை. இருக்குது என்பது அவர் வாயில் ஈக்கிது என்றுதான் வரும்.

"வெச்ச எடத்துல இல்லியே, ஐயா? யாரு எடுத்த?"

"இவதான். நான் கண்ணால கண்டனான்" என்றார் மாமி.

மர்ஸூக் பையிலிருந்து ஒரு குறிப்புக் கொப்பியை எடுத்தார். "ரெண்டு, குசினி அலுமாரி மேல. மூணு, கட்டிலுக்குக் கீழ." அட்டைகளைப் புரட்டிப் பார்த்தார். பிறகு இரண்டாம் இலக்க அட்டையை ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்து, டோர்ச்சும் அடித்து, மூக்கு ஒட்டுமளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"இங்க வாங்க, எல்லாரும் பாருங்க. இது ஊத்தத் தண்ணி ஓடுற கான்ல ஈக்கிற பெரிய கெரபொத்தா, பெரிய கரப்பான் இல்ல. அது செவப்பா, வெரல் நீளத்துக்கு ஈக்கும். இன்னொரு சின்ன ஜாதி ஈக்கிது, கழுத்துல நீட்டுக்கு ரெண்டு கறுப்புக் கோடு போட்டது. அது தண்ணி தேடுற ஜாதி, சிங்குக்கிட்டதான் குடும்பம் நடத்தும். இதுல கோடு எப்பிடி ஈக்கிது?"

மாமாவும் குனிந்தார். "குறுக்கால. மஞ்சள் பட்டி மாதிரி."

"ஆ, அதுதான். குறுக்குப் பட்டி. இதுக்குத் தண்ணி பெருசா வேணாம். ஒசரம் வேணும், சூடு வேணும், காஞ்ச எடம் வேணும். சுவர் மணிக்கூட்டுக்குள்ள, ரேடியோவுக்குள்ள, படத்துக்குப் பின்னால. முட்டைய கொண்டு திரியாது, அங்கயே ஒட்டி வெச்சிட்டுப் போயிரும். கட்டிலுக்குக் கீழ, நெலத்துல, றங்குப்பெட்டியில இது வராது. இந்தப் பொடிசுகளப் பாருங்க. நேத்துப் பொரிச்சது. இவ்ளோ பொடிசு தூரம் ஓடாது. கூடு அலுமாரி உச்சிக்குப் பக்கத்துலதான் ஈக்கிது."

அவர் சொல்லிக்கொண்டே குசினிக்குப் போய் அலுமாரியின் உச்சிக்கு டோர்ச் அடித்தார். வெளிச்சம் சுவரில் ஏறி, சுவரில் இருந்த ஒரு சதுர ஓட்டை வழியாக அந்தப் பக்கம் போனது. அந்தக் காலத்தில் காற்றுக்காக விட்ட ஓட்டை.

"அந்தப் பக்கம் என்ன?"

அந்தப் பக்கம் சாமித்தட்டு. சிவப்புத் திரை. திரைக்குள் வள்ளி தெய்வானையோடு முருகன், இரண்டரை அடிப் படம், பின்னால் மட்டை அடித்தது. அதற்கு மேல் இரவும் பகலும் எரியும் ஒரு சிவப்பு பல்ப். முன்னால் அவலும் கற்கண்டும். ஒசரம், சூடு, இருட்டு, சாப்பாடு. போன கிழமை மர்ஸூக் அங்கே ஓர் அட்டை வைக்கக் கேட்டபோது மாமி காதைப் பொத்திக்கொண்டார். மற்றவர்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. சாமித்தட்டில் யாராவது பசை அட்டை வைப்பார்களா?

மாமி போய்த் திரைக்கு முன்னால் நின்றார்.

"இதைத் தொட ஏலாது. மச்சம் மாமிசம் தின்னுற கை."

யோகமலருக்கு முகம் சுருங்கியது. மர்ஸூக் இரண்டடி பின்னுக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டார்.

"நான் தொடமாட்டேன் அம்மா. நீங்களே எடுத்துப் பாருங்க. இல்லாட்டி விடுங்க. ஆனா ஞாயித்துக்கிழம ஆக்கள் வாறாங்கண்டு நீங்கதானே சொன்னீங்க."

ஞாயிற்றுக்கிழமை. மாமியின் மகன் வரதராசாவுக்கு லண்டனில் பேசியிருக்கும் பெண்ணின் தாய் தகப்பன் வருகிறார்கள். ஹெந்தளையில் சொந்தக்காரர் வீட்டில் வந்து நிற்கிறார்கள். வந்ததும் முதலில் சாமி கும்பிடத்தான் நிற்பார்கள்.

மாமி அசையவில்லை.

கதிர்காமநாதன் மாமா குளியலறைக்குப் போய்க் கைகால் கழுவிக்கொண்டு வந்தார். சேர்ட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார். "இரத்தினம், விலகு" என்றார். நாற்பது வருடக் குடும்பத்தில் அப்படி அவர் சொன்னது இதுதான் முதல் தடவையோ என்னவோ, மாமி விலகிவிட்டார்.

மாமா திரையை நீக்கி, பல்பை அணைத்து, படத்தை இரண்டு கையாலும் பிடித்துச் சுவரிலிருந்து தூக்கினார்.

ஐயோ, அதை எப்படி எழுத! சுவரே அசைந்தது. மட்டைக்கும் கண்ணாடிக்கும் நடுவிலிருந்து கொட்டின, ஓடின, அவலுக்குள் விழுந்தன, மாமாவின் கையில் ஏறின. மட்டை முழுவதும் எள்ளுப்போல முட்டைக் கூடுகள் ஒட்டியிருந்தன. மாமா படத்தை விடவில்லை. மர்ஸூக் விரித்துப் பிடித்த கறுப்புப் பொலித்தீன் பைக்குள் அப்படியே இறக்கி, வாயை இறுக்கிக் கட்டினார்.

"ஐயா, நஞ்சு வைக்கக் கூடாதுண்டு அம்மா சொன்ன..."

"இண்டைக்குச் சூரன்போர். இண்டைக்குக் கொல்லாமல் எண்டைக்குக் கொல்லுறது? செய்யிற வேலையைச் செய்யும்."

மர்ஸூக் சிரிப்பை அடக்கிக்கொண்டு மளமளவென்று சொன்னார். மட்டையைக் கழற்றி எரிக்க வேண்டும். கண்ணாடியையும் சட்டத்தையும் சவர்க்காரத் தண்ணியால் துடைக்க வேண்டும். ஓட்டையை அடைக்க வேண்டும். மருந்துத்தூளும் சீனியும் மாவும் பிசைந்த உருண்டைகளை அவர் உயரத்தில் வைப்பார். "வீட்டுல பூச்சி ஸ்ப்ரே கேன் ஈந்தா குப்பையில போடுங்க. அத அடிச்சா இந்த உருண்டைய அதுகள் திரும்பியும் பாக்காது. மத்த ரூமுக்கு ஓடிரும்."

மாமி அவலில் விழுந்து நெளிந்த பூச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தட்டில கறுப்பாத் தூள் தூளாக் கிடந்தது" என்றார் மெதுவாக. "சாம்பிராணிக் கரியெண்டு நினைச்சு ஒவ்வொரு நாளும் துடைச்சனான்."

மாமா மேசைக்கு வந்தார். இரண்டாம் இலக்க அட்டையை எடுத்து மாமியின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இரத்தினம். இதைக் கொண்டுபோய்க் கட்டிலுக்குக் கீழ வச்சது ஆர்? நீயோ?"

யோகமலருக்கு அப்போதுதான் உறைத்தது. காலையிலிருந்து மாமி கேள்வி மேல் கேள்வி கேட்டாரே தவிர, "நான் மாத்தேல்லை" என்று ஒரு தரமும் சொல்லவில்லை. விரதக்காரி பொய் சொல்லக் கூடாது. சொன்னால் ஆறு நாள் பட்டினியும் வீண். மாமியின் சஷ்டி இருபத்திரண்டு வருடச் சஷ்டி.

சுவரில் முருகன் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைச் சதுரம் மட்டும் இருந்தது. மாமி அதைப் பார்த்தார்.

"ஓம்" என்றார்.

யோகமலருக்குக் கோபம் நெஞ்சுக்குழிக்குள் குபீரென்று ஏறியது. "ஏன் மாமி? நான் உங்களுக்கு என்ன செய்தனான்? எட்டு மாதமாக் குசினி கூட்டித் துடைச்சது நானெல்லோ? என்னையும் என்ர பிள்ளையையும் றோட்டில விட உங்களுக்கு எப்பிடி மனம் வந்தது?"

"கத்து பிள்ளை. நல்லாக் கத்து" என்றார் மாமி. கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "இன்னும் ஒண்டு இருக்கு. அதையும் கேட்டிட்டுக் கத்து. காலமை கோயிலுக்குப் போற வழியில பொலிஸுக்குப் புது லிஸ்ட் குடுத்திட்டன். உங்கட ரெண்டு பேரின்ர பேரையும் வெட்டிப்போட்டு."

மாமாவின் கையிலிருந்த அட்டை மேசையில் விழுந்தது.

"நாளைக்கு நீ போறாய்தானே, ரெண்டு நடை ஏன் எண்டு குடுத்தன். உன்ர பெட்டிதான் எண்டு நான் நம்பினனான், முருகனாணை. திரும்பி வந்து பாத்தால் உன்ர அட்டை வெறுமை. குசினியில முப்பது. பேரை வெட்டிப்போட்டு வந்தாச்சு, இனி எப்பிடிப் போய்ப் பிழை எண்டு சொல்லுறது? அதுதான்... மாத்தி வச்சிட்டன்."

யோகமலர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். ஐந்து இருபது.

"ஆரணி எங்க?"

ஐந்து ஐந்துக்கெல்லாம் படியேறி வருகிற பிள்ளை.

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. யோகமலர் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். வந்தது ஆரணி இல்லை. கீழ் வீட்டு ஐறீன், மூச்சு வாங்க வாங்க நின்றாள்.

"யோகா, பாமன்கடை றோட்டெல்லாம் ச்செக்கிங்! பஸ்ஸை மறிச்சு இறக்கிறாங்கள். ட்யூஷன் பிள்ளையளையும் லைனில விட்டிருக்கு. உன்ர மகளையும் அதில கண்டனான். ரிஜிஸ்ட்ரேஷன் பேப்பர் இருக்கிறவையை மட்டும் விடுறாங்கள்."

பேப்பர். அது றங்குப்பெட்டிக்குள், ஃபைலுக்குள், கொப்பியோடு பத்திரமாய் இருக்கிறது. காலையில் பிள்ளையின் பையிலிருந்து அவளே தன் கையால் எடுத்தது. ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தாலும் என்ன? ஸ்டேஷனுக்குக் கேட்டால் லிஸ்டில் பேரில்லை என்பார்கள். பேரைச் சீக்கிரமாய் வெட்டியவர் இங்கே இருக்கிறார். பேப்பரைச் சீக்கிரமாய் எடுத்தவள் இவள். "என்ர பிள்ளை, என்ர பிள்ளை" என்று அழுதுகொண்டே பெட்டியைத் திறந்து ஃபைலை இழுத்தாள்.

திரும்பியபோது மாமி செருப்புப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். கோயிலுக்கென்று எடுத்துவைத்திருந்த பூத்தட்டம் மேசையில் அப்படியே கிடந்தது. கையில் தன்னுடைய ஐடென்டிட்டி கார்ட்டும் வீட்டு உறுதிப் பத்திரத்தின் கொப்பியும்.

"பேரைத் திருப்பிப் பதிய ஸ்டேஷனுக்கு நான் பிறகு போறன்" என்றார் மாமா சேர்ட்டைத் தேடிக்கொண்டு. "முதல் பிள்ளையைப் பாருங்கோ. ரெண்டு பேரும் ஓடுங்கோ."

படியில் இறங்கும்போது யோகமலருக்குக் கால் தடுக்கியது. மாமி அவளுடைய முழங்கையைப் பிடித்தார். ஆறு நாள் பட்டினி கிடந்த கையில் இவ்வளவு பிடி இருக்குமென்று அவள் நினைக்கவில்லை.

"மாமி, அவங்கள் கேட்டால் என்ன சொல்லுவியள்? பேர்தான் வெட்டியாச்சே."

"என்ர வீட்டுப் பிள்ளை எண்டு சொல்லுவன்."

"விரதத்தோட..."

"பொய் எண்டு ஆரடி சொன்னது?" என்றார் மாமி. "வாயை மூடிக்கொண்டு கெதியா நட."

கோயிலில் சூரன் புறப்பட்டுவிட்டான். மேளச் சத்தம் காலி வீதி வரைக்கும் கேட்டது. சனமெல்லாம் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. இவர்கள் இரண்டு பேரும் பாமன்கடைப் பக்கம் திரும்பினார்கள். தூரத்தில், மரக்கட்டை போட்டு மறித்த இடத்தில், வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் வரிசையாய் நின்றார்கள். யோகமலர் எண்ணிப் பார்த்தாள். ஏழு பிள்ளைகள். ஆரணி அதில் இல்லை.